ரைசன் 5 5500-ஆ, 5600-ஆ?

இந்த இரண்டு ஏஎம்டி பிராசசர்களுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால், கேம் ஆடுவதற்கு யோசிக்காமல் 5600-ஐ எடுங்கள். இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட்தான். கடையில் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) 5500-இல் 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. தேவையானது கேஷிலேயே கிடைத்தால் பிராசசர் ரேமுக்காகக் காத்திருப்பது குறையும், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது) கூடும். அப்புறம், கிராஃபிக்ஸ் கார்டை இணைக்கும் பிசிஐஇ 5500-இல் 3.0 மட்டுமே, 5600-இல் அதைவிட வேகமான 4.0. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி 4 லேன் (தரவு போகும் தடம்) மட்டுமே உள்ள கார்டு போட்டால் நன்றாகவே அடிவாங்கும். பி450, ஏ520 மதர்போர்டு என்றால் 5600 போட்டாலும் 3.0-தான், கேஷ் லாபம் மட்டும் மிஞ்சும்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் பழைய கார்டும் வைத்திருப்பவர்களுக்கு 5500 போதும். சரி, தனி கார்டே வாங்கப் போவதில்லையா? இரண்டுமே வேண்டாம், இவற்றில் கிராஃபிக்ஸ் கிடையாது, கிராஃபிக்ஸ் உள்ள 5600ஜி பாருங்கள்.