மாணவரைக் கெஞ்ச வைக்காமல் கற்பிப்பது எப்படி?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் உயர்கல்வி கற்பிக்க வரும் இளம் விரிவுரையாளர்களை மனத்திற்கொண்டு இதை எழுதுகிறேன். நீங்கள் பேராதனையில் கற்பிக்கலாம். பதுளையின் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில், அல்லது ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கற்பிக்கலாம். எங்கே கற்பித்தாலும், தம் குடும்பத்திலேயே பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் என்று சொல்லத்தக்க சிலராவது உங்கள் முன்னால் அமர்ந்திருப்பார்கள். அவர்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த அன்பை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நாம் தவறுகிறோம். "கஷ்டம் இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள்" என்று முதல் நாளே அறிவித்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் அப்படி வந்து சொல்வதற்கு, அந்தப் பிள்ளை தன் வீட்டுக் கஷ்டம் முழுவதையும் நம் மேசைமேல் விரித்து வைக்க வேண்டியிருக்கிறது. சொல்லத் தெரிந்தவருக்கு உதவி கிடைக்கிறது. வாய் திறக்கக் கூசுபவர் பின்தங்கிப் போகிறார். ஆகவே யாரும் கேட்காமலே எல்லோருக்கும் உதவி கிடைக்கும்படி, பாடத்தின் ஒழுங்கிலேயே அதை வைத்துவிடுங்கள்.

இதை நான் ஒரு பிழை செய்துதான் கற்றுக்கொண்டேன். திங்கட்கிழமை காலை எட்டு மணி விரிவுரைக்கு ஒரு மாணவி மூன்று வாரம் தொடர்ந்து பிந்தி வந்தாள். மூன்றாம் வாரம் எல்லோருக்கும் முன்னால், "முந்தின பஸ்ஸைப் பிடிக்க முடியாதா?" என்று கேட்டேன். "சொரி சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைசி வாங்கில் போய் அமர்ந்தாள். நனைந்த பாட்டாச் செருப்பைக் கழற்றி, பையிலிருந்த சப்பாத்தை மேசைக்கு அடியில் மாற்றிக்கொண்டதை அன்றுதான் கவனித்தேன். வார இறுதியில் பாட்டியைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டுக்குப் போகிறாள் என்பதும், தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து பஸ் வரும் பாதைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இறங்க வேண்டும் என்பதும், அந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் இருந்ததால் வேலைக்குக் கிளம்பும் பெண்களோடு சேர்ந்தே இறங்கினாள் என்பதும் அவளுடைய தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சொல்வதற்கு அவளிடம் முழுப் பதிலும் இருந்தது. அதை அந்த இடத்தில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. விரிவுரையின் தொடக்கத்தில் நான் வைத்துவந்த பத்து நிமிடச் சிறு பரீட்சையை அடுத்த வாரமே இறுதிப் பத்து நிமிடத்துக்கு மாற்றினேன். காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. பிந்தி வந்துகொண்டிருந்தவர்கள் அவளோடு இன்னும் நால்வர் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

முதல் வாரத்தில் ஒவ்வொருவருக்கும் அரைத்தாள் ஒன்றைக் கொடுங்கள். எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறீர்கள், கல்லூரிக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது, தங்கும் இடத்தில் தொலைபேசிச் சிக்னல் கிடைக்கிறதா, உயர்தரத்தை எந்த மொழியில் படித்தீர்கள், வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் நான் கேட்கக் கூடாத விடயம் ஏதும் உண்டா என்ற ஐந்து கேள்விகள் போதும். கடைசிக் கேள்வியை வெறுமையாக விடலாம் என்றும் எழுதிவிடுங்கள். தந்தையின் தொழிலைக் கேட்காதீர்கள். பாடம் நடத்த அது தேவையில்லை. தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் பதியப்பட்டு உருமாறிய பெயரோடு காலமெல்லாம் வாழ்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஒரு பெண்ணின் பெயரை அவள் தாய் அழைப்பது போலவே நீங்களும் உச்சரித்தால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

"எந்த ஊர்?" என்ற கேள்வி வேறு இடங்களில் சாதாரண விசாரிப்பாக இருக்கலாம். இங்கே அதற்குப் பாரம் அதிகம்; ஒருவர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையா என்பதை அந்தப் பதில் காட்டிவிடக்கூடும். "ஹட்டன்" என்று ஒரு மாணவர் பதில் சொன்னால், அதற்குமேல் "ஹட்டனில் எங்கே, எந்த எஸ்டேட்?" என்று தோண்டாதீர்கள். தோட்டத்தின் பெயரைப் பெருமையோடு சொல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எப்போது சொல்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயன்களில் பல வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது என்பதை நிர்வாகத்தில் உள்ளவர்களும் மறந்துவிடுகிறார்கள். தோட்ட அலுவலகத்துக்கு வரும் கடிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேர நாளாகும். சில கடிதங்கள் சேர்வதே இல்லை. திகதி குறித்த எந்த அறிவித்தலையும் தபாலை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லுங்கள், பலகையில் எழுதுங்கள், வட்ஸ்அப் குழுவில் எழுத்தாகவே போடுங்கள். பெரிய காணொளிக் கோப்பை அனுப்பி ஒரு வாரத்து டேட்டாவைத் தீர்த்துவிடாதீர்கள்.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் உயர்தரம் படித்து வந்தவர், திடீரென்று ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும்போது, விளங்கியதைக்கூடச் சொல்ல முடியாமல் தவிக்கிறார். அந்த மௌனத்தை அறியாமை என்று நாம் பிழையாக எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு விரிவுரைக்கும் பத்துக் கலைச்சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு முன்கூட்டியே கொடுங்கள். வகுப்பில் சிங்கள மாணவர்களும் இருந்தால் சிங்கள விளக்கமும் சேரட்டும். ஒரு கேள்வியைக் கேட்டதும், அருகில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் தம் மொழியில் பேசிக்கொள்ள விடுங்கள். அதன் பிறகு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அதுவும் முடிந்த பிறகே பதிலைக் கேளுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். காத்திருப்பை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, தாமாகப் பதில் சொல்ல முன்வந்தோரும் கூடினர். அவர் கவனித்தவை ஆரம்பப் பள்ளியின் விஞ்ஞான வகுப்புகள். இரண்டாம் மொழியில் யோசிக்கும் நம் மாணவருக்கு மூன்று விநாடியும் போதாது; மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

ஒப்படைகளுக்கு வருவோம். இறுதிப் பரீட்சையின் விதிகள் உங்கள் கையில் இல்லை. தொடர் கணிப்பீட்டில் பெரும்பாலும் உங்களுக்கு இடம் உண்டு. பாடநெறியின் தொடக்கத்திலேயே, "ஒவ்வொருவருக்கும் ஒரு முறை 48 மணி நேர மேலதிக அவகாசம் உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை, பெயரும் ஒப்படையின் தலைப்பும் எழுதி ஒரு வரிச் செய்தி அனுப்பினால் போதும்" என்று எழுத்தில் கொடுங்கள். நான்கு சிறு பரீட்சைகளை வைத்து, மிகக் குறைந்த புள்ளி பெற்ற ஒன்றைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள். பஸ் ஓடாத ஒரு நாள் அத்தோடு தீர்ந்துவிடும். இந்த ஏற்பாடு வகுப்பில் எல்லோருக்கும் பொதுவானது என்பதால், வசதி உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று அது பிரித்துக் காட்டுவதில்லை. 80 வீத வரவு கோரப்படும் பாடநெறியானால், நான்காவது வாரத்திலேயே ஒவ்வொருவரின் வரவு நிலையையும் அவரவருக்குத் தனியே அறிவியுங்கள். பதினான்காவது வாரத்தில் சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

இரக்கப்பட்டுப் புள்ளியை அள்ளிப் போடாதீர்கள். தகுதியில்லாத புள்ளியைப் பெற்றவருக்கு அது தகுதியில்லாதது என்று தெரியும். தெரியாதவர் அடுத்த ஆண்டுப் பாடத்தில் இடறி விழுவார். உங்கள் நேரத்தைப் புள்ளி இடுவதை விடக் குறிப்பு எழுதுவதில் செலவிடுங்கள். ஒரு மாணவர், "1948இல் மலையக மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. அதனால் அவர்கள் மிகவும் கஷ்டப்பட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிவப்புப் பேனாவால் "போதாது" என்று எழுதினால் எது போதாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் இப்படி எழுதுவேன்: "முதல் வாக்கியம் சரி, சட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். 1949இல் வாக்குரிமை எந்த வழியில் இல்லாமற்போனது? 'கஷ்டம்' என்ற சொல்லுக்குப் பதிலாக, அந்த மக்கள் செய்ய முடியாமற்போன ஒரு காரியத்தைக் காட்டுங்கள். இதைத் திருத்தி அடுத்த வெள்ளிக்கிழமை தந்தால் மறுபடி வாசிப்பேன்." இந்தப் பாடம் அவருடைய சொந்தக் குடும்பத்தின் கதையாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். தாத்தா நாடற்றவராகவே இறந்துபோன ஒரு பிள்ளைக்கு அந்த இரண்டு வரி எழுதுவதே சுமையாக இருந்திருக்கும். விரும்பினால் வீட்டுப் பெரியவர்களின் நினைவைச் சான்றாகச் சேர்க்கலாம் என்று சொல்லிவையுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம்.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டவாரியான இட ஒதுக்கீடும் இருப்பதால், நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களிலிருந்து குறைந்த இசட் புள்ளியோடு (உயர்தரப் பெறுபேறுகளை ஒப்பிடக் கணிக்கும் புள்ளி) சிலர் வந்திருப்பார்கள். "கோட்டாவில் வந்தவன்" என்ற பேச்சு விடுதியில் அவர்கள் காதில் விழுந்திருக்கும். உங்கள் வாயிலிருந்து அது விளையாட்டாகக்கூட வரக் கூடாது. வகுப்பில் வேறு யாராவது சொன்னால் அதைக் கேளாதவர் போலக் கடந்து போகவும் கூடாது. விஞ்ஞானப் பாட ஆசிரியரே இல்லாத பாடசாலைகளிலிருந்து வந்து அந்தப் புள்ளியை எடுத்திருக்கிறார்கள் என்பதை அங்கேயே, நிதானமாகச் சொல்லுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் நாட்களில், வகுப்பிலிருக்கும் சிலரின் மனம் தம் லயன் வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில்தான் இருக்கும். அன்று கைபேசியை மேசைமேல் வைத்திருக்க எல்லோருக்கும் அனுமதி கொடுங்கள். பரீட்சை இருந்தால் தள்ளிவையுங்கள்.

ஒரு மாணவர் உடைந்துபோய் உங்கள் அறைக்கு வந்தால், கதவைத் திறந்தே வைத்து, உட்காரச் சொல்லி, குறுக்கிடாமல் கேளுங்கள். தீர்வு சொல்ல அவசரப்படாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். மாணவர் ஆலோசகரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ எழுதியும் கொடுங்கள். பகிடிவதை (ராகிங்) என்று தெரியவந்தால், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். அந்தப் பிள்ளையைத் தனியே முறையிட அனுப்பாமல், முறைப்பாட்டை எழுத உதவி, கூடவே செல்லுங்கள்.

பெறுபேறு வரும் நாளையும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். விதிகள் இடம் கொடுத்தால், பட்டியல் அறிவித்தல் பலகையில் ஏறுவதற்கு முன் சித்தியடையாதவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழையுங்கள். பகலில் கொழுந்து பறிக்க மலையில் நிற்கும் தாயின் கைபேசிதான் சிலருக்கு உள்ள ஒரே இலக்கம் என்பதால், மாலை ஆறு மணிக்குப் பிறகு அழைப்பது நல்லது. தாய் எடுத்தால் விடயத்தை அவரிடம் சொல்லாமல், "மகளிடம் பேச வேண்டும் அம்மா, பயப்படும்படி ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். மாணவி பேச வந்ததும் பெறுபேற்றைச் சுற்றி வளைக்காமல் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்தில் மீள்பரீட்சையின் திகதியையும், அவர் புள்ளி இழந்த இரண்டு பகுதிகளையும் சொல்லுங்கள். அதன் பிறகு பேசாமல் காத்திருங்கள். மறுமுனையில் அழுகை கேட்டால் அது அடங்கும் வரை தொலைபேசியை வைக்காதீர்கள். வைப்பதற்கு முன், எந்த நாள் எத்தனை மணிக்கு உங்கள் அறைக்கு வரலாம் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.