படமும் பாடமும்: நெல்லைச் சீமையில் இரண்டையும் சுமப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியில் காட்சித் தொடர்பியல் (விஷுவல் கம்யூனிகேஷன்) நடத்திக்கொண்டே சொந்தக் காசில் படம் எடுப்பவர்களைப் பணத்தட்டுப்பாட்டைவிடக் காலண்டர்தான் அதிகம் கவிழ்க்கிறது. "மே மாசம் லீவுதானே, ஒரே மூச்சில் முடிச்சிரலாம்" என்பது முதல் தவறு. ஏப்ரல் தேர்வு முடிந்த கையோடு விடைத்தாள் திருத்தப் போக வேண்டும். மே முதல் வாரத்தில் கத்திரி பிறந்துவிடும். பகல் 11 மணியிலிருந்து 3 மணிவரை வெளிச்சமும் உதவாது, சின்னக் கேமராக்கள் சூடேறி நின்றும்போகும். வயலோ அதைவிடச் சிக்கல். தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம், கார் என்று இரண்டு நெல் போகம். பிசான அறுவடை பெரும்பாலும் பங்குனிக்குள் முடிந்துவிடும். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறப்பது வழக்கமாக ஜூனில்தான். இடையில் கேமராவுக்குக் கிடைப்பது அறுத்துவிட்ட நெல்லின் காய்ந்த தாள் மட்டுமே. பச்சை வயல் வேண்டுமென்றால் மார்கழி, தை. பொங்கல் விடுமுறையோடு தற்செயல் விடுப்பைச் சேர்த்தால் ஒரு வாரம் தேறும். பங்குனி உத்திரத்தை ஒட்டி மட்டும் படப்பிடிப்பு வைக்காதீர்கள். ஊரே சாஸ்தா கோயிலுக்குப் போயிருக்கும், உங்கள் நடிகர்களும்தான்.

நவம்பர் இன்னொரு பொறி. பருவத் தேர்வு, வடகிழக்குப் பருவமழை, கோவாவில் திரைப்பட விழா, அதையொட்டிய ஃபிலிம் பஜார் (படச் சந்தை) என எல்லாம் அந்த ஒரு மாதத்தில் வந்து குவியும். விழாவுக்கு விண்ணப்பிக்கும்போதே தேர்வு மேற்பார்வையை யாரோடு மாற்றிக்கொள்வது என்று பேசி வைத்துவிடுங்கள். அழைப்பு வந்த பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் உண்டு.

ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் நேரடி ஒலிப்பதிவு செய்பவர்கள் மைக்கின் மேல் வெறும் ஸ்பாஞ்ச் உறையோடு போகிறார்கள். காற்றாலை சுழலும் ஊரில் அது போதாது. மைக்கைச் சுற்றிக் காற்றுத்தடுப்புக் கூண்டு, அதன் மேல் முடி உறை இரண்டும் வேண்டும். ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடி ஒலியை வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் காற்றை மட்டும் பதிவு செய்யுங்கள். வசனத்தை வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது இல்லாமல் முடியாது. முக்கிய வசனங்களை அதே ஆளை வைத்து, காற்று மறைந்த ஒரு சுவரோரத்தில் இன்னொரு தடவை பேசவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி விழும் நேரம்) 180 டிகிரி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அதையே டீக்கடை டியூப்லைட்டின் கீழும் வைப்பது ஆசிரியர்களுக்கே உரிய தவறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டரை 172.8 டிகிரிக்கு, அதாவது 1/50 நொடிக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் படத்தில் வெளிச்சம் மெல்ல ஏறி இறங்கும். அதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

இனி, பலரும் பேசத் தயங்கும் விஷயம்: படம் யாருடையது? பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, வேலையின் ஒரு பகுதியாக உருவாக்கிய படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். துறைக் கேமரா, துறை எடிட்டிங் அறை, வேலை நேரம் மூன்றையும் பயன்படுத்திவிட்டு "என் படம்" என்று வாதாடுவது கடினம். படப்பிடிப்புக்கு முன்பே கல்லூரி முதல்வரிடமோ பதிவாளரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விடுப்பு நாட்கள், சொந்தக் கருவிகள், சொந்தத் தயாரிப்பு மூன்றும் அதில் இருக்கட்டும். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிக்காரர்கள் வெளிவருமானத்துக்கான விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்களைச் சம்பளமில்லாத உதவி இயக்குநர்களாக்குவது சரியல்ல. அகமதிப்பீட்டு மதிப்பெண் உங்கள் கையில் இருக்கும்போது அவர்கள் சொல்லும் "சரி சார்", "சரி மேடம்" சம்மதமாகாது. உங்களிடம் படிக்கும் பருவம் முடிந்த பிறகு அழையுங்கள். தினப்படி, பயணச் செலவு, டைட்டிலில் பெயர், மூன்றையும் எழுதிக்கொடுங்கள்.

இசையமைப்பாளரிடமும் பாடலாசிரியரிடமும் உரிமை எழுதி வாங்கும்போது காலமும் எல்லையும் குறிப்பிடாமல் விடாதீர்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் கொள்ளும். வெளிநாட்டு ஓடிடிக்காரர் கேட்கும்போதுதான் இது கழுத்தைப் பிடிக்கும். ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து எடுத்தால் கலைஞர்களிடம் தமிழில் எழுதிய ஒப்புதலை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆடு, கோழி, மாடு இல்லாமல் நம்மூர்க் கதை ஏது? ஆனால் விலங்கை நடிக்கவைக்கும் காட்சிக்கு விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி படப்பிடிப்புக்கு முன்பே வேண்டும். தணிக்கைக்குப் போகும்போது அந்தத் தடையில்லாச் சான்றைக் கேட்பார்கள். களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி தனி.

துறை ஆய்வகக் கணினியை நம்பிக் காட்சிகளைப் போட்டுவைக்காதீர்கள். பருவ முடிவில் யாராவது ஃபார்மட் செய்துவிடுவார்கள். கேமராவின் மெமரி கார்டை அழிக்குமுன் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல், இரண்டும் வெவ்வேறு வீட்டில். முழுப்படத்தை யூடியூபில் ஏற்றிவிட்டால் முதல் திரையிடல் கேட்கும் விழாக்களின் கதவு மூடிக்கொள்ளும். வகுப்புக்குள் போட்டுக் காட்டுவதோடு நிறுத்துங்கள்.

கடைசியாக வேலை. விருதுப் படம் நிரந்தரப் பணியைத் தேடித்தராது. உதவிப் பேராசிரியர் பணிக்கு பொதுவாக முதுகலையில் 55 சதவீதத்தோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி தேவை. நெட்டில் நம் பாடம் "வெகுஜனத் தொடர்பியல் மற்றும் இதழியல்" என்ற பெயரில் வரும். 2022-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த 'பிராக்டிஸ் பேராசிரியர்' பதவிக்கு அந்தத் தகுதி கட்டாயமில்லை, ஆனால் 15 ஆண்டு தொழில் அனுபவம் கேட்கிறது. அதுவும் மொத்தம் 4 ஆண்டுக்கு மேல் நீளாது. அதை நம்பி வீட்டுக்கடன் வாங்க வேண்டாம்.