பாசிக்குடாவில் சுழியோடப் போகிறீர்களா? அறைக்கு முன் படகைப் பேசுங்கள்

'எல்லாம் அடங்கிய தொகுப்பு' என்று கிழக்கிலங்கையின் பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டல்கள் விற்பதில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பின்னேரத் தேநீர், குறிப்பிட்ட சில பானங்கள் இருக்கும். சுழியோட்டம் அநேகமாக இருக்காது. சில இடங்களில் 'நீர் விளையாட்டு' என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். கேட்டுப் பார்த்தால் அது கயாக்கும், முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மேலே நீந்துவதும்தான். சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் தனிக் கட்டணம். ஹோட்டலுக்குள்ளேயே சுழியோட்ட நிலையம் இருந்தாலும் பெரும்பாலும் அது வேறொருவர் நடத்தும் வியாபாரம், பில்லும் வேறு. அதனால் வழக்கமான ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள். எந்த மாதம், எந்த இடம், எத்தனை இறக்கம் என்பதை நிலையத்தோடு பேசி முடித்த பிறகே அறையைப் பதிவு செய்யுங்கள்.

மாதத்தில் பிழை விட்டால் மற்றதெல்லாம் வீண். கிழக்குக் கடல் சித்திரைக்குப் பிறகு தெளிந்து, புரட்டாதி வரை நன்றாக இருக்கும். ஐப்பசி பிந்தி வாடை மழை தொடங்கினால் ஆறுகளும் களப்புகளும் சேற்றுத் தண்ணீரைக் கடலில் தள்ளும், அலை எழும்பும், படகு போகாது. டிசம்பரில் பாசிக்குடா அறைகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். கனடாவிலும் லண்டனிலும் இருந்து நத்தார் விடுமுறைக்கு வருகிறவர்கள் அந்த விலையைப் பார்த்து முற்பணம் கட்டிவிட்டு, ஒரு கிழமை ஜன்னலால் மழை பார்த்துவிட்டுப் போகிறார்கள். நல்ல மாதங்களிலும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் பகல் ஏற ஏறக் கடல் கொந்தளிக்கும். படகு காலை ஏழு மணிக்கு முன்பின்னாகப் புறப்படுவது அதனால்தான். ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையும் போயா ஒட்டிய நீண்ட வார இறுதியும் கூட்டம், விலை இரண்டும் கூடும் நாட்கள்.

அடுத்தது, எங்கே இறங்குவது என்பது. பாசிக்குடாக் குடாவில் நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். குளிக்க அருமை, முதல் பயிற்சிக்கும் போதும், ஆனால் சுழியோடப் படகில் வெளியே போகத்தான் வேண்டும். புதியவர்களுக்கு ஏற்றவை வடக்கே காயங்கேணிப் பக்கத்து முருகைக்கற்கள். ஆழம் குறைவு, மீன் நிறைய. காயங்கேணி 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. முருகைக்கல்லை உடைப்பதோ எடுத்துவருவதோ சட்டப்படி குற்றம். பையில் வைத்த 'சின்னத் துண்டு'க்கும் விதிவிலக்கில்லை.

அதே கடலில் கப்பல்களும் கிடக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தக் கரைக்கு அப்பால் பிரித்தானிய விமானந்தாங்கியான ஹெர்மிஸையும், வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலையும், வேறு சில கப்பல்களையும் மூழ்கடித்தன. அன்று மூழ்கிய எண்ணெய்க் கப்பலான பிரிட்டிஷ் சார்ஜன்ட் சுமார் 24 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 'அட்வான்ஸ்ட்' என்ற இரண்டாம் நிலைச் சான்றிதழ் உள்ளவர் 30 மீட்டர் வரை இறங்கலாம், ஆகவே அது அவர் கைக்கெட்டும் கப்பல். முதல் நிலையான 'ஓப்பன் வோட்டர்' 18 மீட்டரோடு நிற்கிறது. ஹெர்மிஸ் வேறு கதை. மட்டக்களப்புக்கு நேரே கிடக்கும் அதன் மேற்பகுதியே 42 மீட்டர் அளவில்தான் தொடங்குகிறது, தரை 50 மீட்டரைத் தாண்டும். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் கடைசி எல்லை 40 மீட்டர். ஆகவே ஹெர்மிஸுக்கு தொழில்நுட்பச் சுழியோட்டப் பயிற்சி வேண்டும். 'பரவாயில்லை, நாங்கள் கூட்டிப்போகிறோம்' என்று ஒரு நிலையம் முதல் நிலைச் சான்றிதழ்காரரிடம் சொன்னால், வேறு நிலையம் தேடுங்கள். முந்நூறுக்கு மேற்பட்டோர் அந்தக் கப்பலோடு போனார்கள், அது சமாதி. எதையும் தொடாமல் வருவதே முறை.

ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் காற்றுக் கணக்கு காட்டிவிடும். வழக்கமான அலுமினியச் சிலிண்டர் 11 லீற்றர், 200 பார் (அழுத்த அலகு) வரை நிரப்பினால் ஏறத்தாழ 2,200 லீற்றர் காற்று. 50 பாரை மிச்சம் வைத்து மேலே வரவேண்டும், ஆகவே செலவழிக்கக்கூடியது 1,650. பதற்றமில்லாத ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறார் என்று வையுங்கள். மேற்பரப்பில் அழுத்தம் ஒரு பார், கீழே 10 மீட்டருக்கு ஒரு பார் கூடுவதால் 10 மீட்டரில் அது 40 லீற்றர், 41 நிமிடம் தாங்கும். 24 மீட்டரில் 68 லீற்றர், 24 நிமிடம். 42 மீட்டரில் 104 லீற்றர், 16 நிமிடம்கூட இல்லை. அதற்குள்தான் இறங்குவதும் ஏறுவதும். புதியவர்கள் 20 அல்ல, 30 லீற்றர்கூட இழுப்பார்கள். ஒரே படகில் நால்வர் போய் ஒருவர் இருபது நிமிடத்தில் மேலே வந்தால் அது அவமானமில்லை, கணக்கு.

சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, அறிமுக இறக்கம்: காலை கொஞ்சம் பயிற்சி, பிறகு ஆசிரியர் கூடவே 12 மீட்டருக்குள். மற்றது முழு ஓப்பன் வோட்டர் பாடம். மூன்று நான்கு நாள், கடலில் நான்கு இறக்கம், 200 மீட்டர் நீச்சல், 10 நிமிடம் மிதத்தல். பாடப் பகுதியை வீட்டிலேயே இணையத்தில் முடித்துவிட்டு வந்தால் விடுமுறையில் ஒரு நாள் மிஞ்சும். பத்து வயதிலிருந்து பிள்ளைகளும் சேரலாம்.

எந்த வழியானாலும் முதலில் ஒரு மருத்துவப் படிவம் நீட்டுவார்கள். ஆஸ்துமா, இருதயம், வலிப்பு, நீரிழிவு, காது அறுவைச்சிகிச்சை, கர்ப்பம் என்று நீளும் கேள்விகளில் மேலதிக விளக்கம் கேட்கும் ஒன்றுக்கு 'ஆம்' விழுந்தாலும் வைத்தியரின் கையொப்பம் இல்லாமல் இறக்க மாட்டார்கள். இதை ஹோட்டலுக்கு வந்தபிறகு கண்டுபிடித்தால் கட்டிய காசு போச்சு. படிவத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வாங்கி உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள். பொய்யாக 'இல்லை' போடுவது உங்களை மட்டுமல்ல, தண்ணீருக்குள் உங்களைத் தேடி வருகிறவரையும் மாட்டிவிடும்.

இனித் தொகுப்புக்கு வருவோம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத வற் வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். 1,000 ரூபா 1,298 ஆகும். உள்நாட்டவர் கட்டணத்துக்கு அடையாள அட்டை கேட்பார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் சொந்தக்காரரை அதே அறையில் போடப்போகிறீர்கள் என்றால், எந்தக் கட்டணம் விழும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வரவேற்பு மேசையில் வரும் சண்டை அநேகமாக இதில்தான்.

தினமும் காலை சுழியோடுகிறவருக்கு மதுவும் சேர்ந்த தொகுப்பு பெரும்பாலும் நட்டம். முதல்நாள் இரவு குடித்தால் உடலில் நீர் வற்றும். நீர் வற்றிய உடலுக்கு அழுத்த நோய், அதாவது ஆழத்தில் உடலில் கரைந்த நைதரசன் வெளி அழுத்தம் குறையும்போது குமிழியாகும் நோய், வரும் ஆபத்து அதிகம். போயா தினத்தில் நாடு முழுக்க மது விற்பனையே இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் எடுத்து, வேண்டியதைத் தனியாக வாங்கினால் கணக்கு நேராகும். சுழியோடாத குடும்பத்தார் பகல் முழுக்க நீச்சல் குளத்தடியில் இருக்கப் போகிறார்கள் என்றால் மட்டும் முழுத் தொகுப்பு பெறுமதி. காலைப் படகு போவதற்குள் பஃபே திறந்திருக்காது. கட்டித் தரும் காலைச் சாப்பாடு உண்டா, பிந்தி வந்தால் மதியச் சாப்பாடு எடுத்து வைப்பார்களா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். காசு கட்டியது சாப்பிடத்தானே! ஹலால் சமையல், நீச்சல் குளத்தில் முழு உடை அனுமதி ஆகியவற்றையும் அப்போதே கேட்கவேண்டும். கடலுக்குள் அந்தக் கவலை இல்லை. 3 மில்லிமீட்டர் முழுநீளச் சுழியோட்ட உடையும் தலை மூடும் தொப்பியும் எல்லோருக்கும் பொருந்தும், சொறிமுட்டையிலிருந்தும் காக்கும்.

நிலையத்தைப் போனில் மட்டும் நம்பாதீர்கள், நேரே போய்ப் பாருங்கள். படகில் ஒட்சிசன் பெட்டி இருக்கிறதா, ஏணி இருக்கிறதா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? நால்வருக்கு மேல் என்றால் யோசியுங்கள். காற்று நிரப்பும் இயந்திரத்தின் உறிஞ்சு குழாய் எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. உள்ளே போகும் கார்பன் மோனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. சிலிண்டரைக் கொஞ்சம் திறந்து மோந்து பாருங்கள். எண்ணெய் மணம் வந்தால் அந்தக் காற்று வேண்டாம். ரெகுலேட்டரில் இரண்டு மூன்று தரம் மூச்சிழுக்கும்போது அழுத்தமானியின் முள் விழுந்து எழுந்தால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. இந்தக் கரையில் மீன்பிடிப் படகுகள் அதிகம். மேலே வருமுன் செம்மஞ்சள் மிதவைக் குழாயை விடும் வழக்கம் அந்த நிலையத்துக்கு உண்டா என்பது கடைசிக் கேள்வி, ஆனால் முக்கியமான கேள்வி.

உபகரணம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். சொந்தமாக வாங்குவதென்றால் முகமூடியை மட்டும் வாங்குங்கள். வார் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் ஒட்டி நிற்கவேண்டும். தாடி, மீசைக்காரர்களுக்கு மேலுதட்டருகே ஒழுகும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் பவர் கண்ணாடி பொருத்திய முகமூடியை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஈய எடை, 60 முதல் 70 கிலோ ஆளுக்கு 3 மில்லிமீட்டர் உடையோடு 4 முதல் 6 கிலோ வரை போகும். மிதப்புச் சட்டையின் காற்றை வெளியேற்றி, மூச்சைப் பிடித்து நிமிர்ந்து நின்றால் கண்மட்டத்தில் மிதக்கவேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சரிபார்த்தால் 2 கிலோ கூட்டுங்கள், காற்றுத் தீரும்போது அது இலேசாகும். எடையை அள்ளிக் கட்டினால் முருகைக்கல்லில் முட்டியே பொழுது போகும்.

ஐந்து இரவுக்கு இப்படி அடுக்கலாம்: வந்த நாள் ஓய்வு. இரண்டாம் நாள் 10, 12 மீட்டர் முருகைக்கல்லில் பழகும் இறக்கம். மூன்றாம், நான்காம் நாட்களில் கப்பலும் முருகைக்கல்லும், ஒரே காலையில் இரண்டென்றால் ஆழமானது முதலில், நடுவில் ஒரு மணிநேரமாவது மேலே. ஐந்தாம் நாள் இறக்கமில்லை. தடிமன் இருந்தால் எந்த நாளும் இறங்காதீர்கள். மூக்கடைப்பு மாத்திரை ஆழத்தில் வேலை முடிந்துவிட்டால், ஏறும்போது காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள், 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம், ஒருபோதும் மூச்சைப் பிடிக்காமல். மேலே வந்தபின் மூட்டு வலி, விறைப்பு, தலைச்சுற்று வந்தால் வெயில் என்று தள்ளிவிடாமல் ஒட்சிசன் எடுத்துக்கொண்டு 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். 'சுழியோடினேன்' என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அழுத்த அறைச் சிகிச்சையை ஏற்கும் சுழியோட்டக் காப்புறுதியை வீட்டிலிருந்தே எடுத்துவாருங்கள், சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் இது விலக்கப்பட்டிருக்கும்.

ஐந்தாம் நாளை வெறுமையாக விட்டது வீட்டுக்குப் போகும் வழிக்காக. ஒரே ஒரு இறக்கமென்றால் 12 மணி நேரம், பல நாள் பல இறக்கமென்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. விமானத்தை எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள், மலையை மறக்கிறார்கள். பாசிக்குடாவில் காலை இறங்கிவிட்டுப் பின்னேரம் பதுளை வழியாக நுவரெலியாவுக்கு வான் பிடித்தால் 1,800 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள், உடலுக்கு அது விமானத்தில் ஏறியது போலத்தான். எல்ல, பண்டாரவளைக்கும், மகியங்கனையிலிருந்து பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போவதற்கும் அதே காத்திருப்பு. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் ஊடாகக் கொழும்பு போகும் பாதை தாழ்வானது, கல்குடாவில் ஏறும் ரயிலும் அப்படித்தான். மலைநாட்டையும் சேர்த்துப் பார்க்க ஆசையென்றால் முதலில் மலை, பிறகு கடல் என்று பயணத்தை மாற்றிப் போடுங்கள்.