சென்னைக்கு வருகிறவர்கள் ஒரு நாளை வடக்கே ஒதுக்குங்கள்: பழவேற்காடு

ஊருக்கு வரும் சொந்தங்கள் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், புதுச்சேரி என்று தெற்கே போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு இருக்கிறது. இதைவிடப் பெரியது ஒடிசாவின் சிலிகா மட்டும்தான். பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதைத் தவறவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எப்போது வருவது? நவம்பர் முதல் மார்ச் வரை பறவைக் காலம். ஆனால் நாள்காட்டியைவிட ஏரியின் ஆழத்தைப் பாருங்கள். ஏரி சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடம் டிசம்பரில் நீர் ஏறி நிற்கும். பூநாரைகள் (ஃபிளமிங்கோ) கால் ஊன்றி மேய ஆழம் குறைந்த சேற்றுத் தரை வேண்டும் என்பதால், அவை தொலைவாக ஒதுங்கிவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறையைவிடப் பொங்கலுக்குப் பிறகு வருவது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே லீவு கிடைக்கும் என்றால் பறவைகளின் பெருங்கூட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கரையில் வலை பிரிக்கிறவர்களிடம் "முகத்துவாரம் திறந்திருக்கா அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். ஏரியின் கதை முழுக்க அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா என்ற நீண்ட மணல்தீவு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஏரி கடலோடு சேரும் வாய்தான் முகத்துவாரம். அது திறந்திருந்தால் கடல் ஏற்றத்தோடு இறால் குஞ்சும் மடவை மீன் குஞ்சும் உள்ளே வரும். அலை மணலைத் தள்ளி அதை அடைத்துவிட்டால் வரத்து நின்றுபோகும். கோடையில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறும். மீன் குறைந்தால் வலையும் காலி, கூழைக்கடாவின் (பெலிகன்) அலகுப் பையும் காலி. இங்குள்ள மீனவர்கள் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை போடலாம் என்று 'பாடு' முறையில் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பதையும் பார்க்கலாம். படம் எடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள்.

பூநாரை என்றதும் குழந்தைகள் அடர்ந்த ரோஜா நிறத்தை எதிர்பார்ப்பார்கள். தூரத்தில் வெள்ளையாகத்தான் தெரியும். இளம் பறவைகள் சாம்பல் நிறம். கூட்டம் எழும்பிச் சிறகை விரிக்கும்போதுதான் உள்ளே இருக்கும் சிவப்பும் கருப்பும் வெளிப்படும். அந்தச் சிவப்பு, அவை தின்னும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமியிலிருந்து வருகிறது. அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி, இரையை மட்டும் வடிகட்டி எடுக்கும். தொலைநோக்கி இருந்தால் இது தெளிவாகத் தெரியும். கூட்டம் பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று கை தட்டிக் கலைக்காதீர்கள். மேய்ச்சலை விட்டு எழும்பினால் அவற்றுக்குத்தான் நஷ்டம்.

போகும் வழி இரண்டு. பழவேற்காடு ஊருக்கு, கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம். ஊரில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அதையும் பாருங்கள். ஆனால் பறவைதான் முக்கியம் என்றால் கார் வைத்துக்கொண்டு ஆந்திராவின் சூளூர்பேட்டைக்குப் போங்கள். ஏரியின் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே போகும் சாலை ஏரியின் நடுவிலேயே செல்கிறது. காலையில் சாலையின் வடக்குப் பக்கம் பாருங்கள், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சாலை முடிவில் ராக்கெட் ஏவுதளம். அதனால் ட்ரோன் எண்ணமே வேண்டாம். சூளூர்பேட்டையிலிருந்து கொஞ்சம் வடக்கே நேலபட்டு. குளத்து மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடம்.

படகு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடுப்பு இல்லாத படகில் யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள், பிள்ளைகளை ஏற்றாதீர்கள். எங்கும் நிழல் கிடையாது. தண்ணீர், தொப்பி கட்டாயம்.

ஜனவரி முதல் மார்ச் வரை வந்தால் ஒரு வார இறுதி இரவைச் சென்னைக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு (ஆலிவ் ரிட்லி கடலாமை) வையுங்கள். 1988 முதல் மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பாகச் சேர்ந்து, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கரையோரம் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். பொதுமக்களும் கூட நடக்கலாம். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கின. மூச்சு விட மேலே வர வேண்டிய உயிர் இழுவலையில் சிக்கினால் திணறிச் சாகும். ஆமை தென்படாத இரவும் உண்டு, நடை விடியற்காலை வரை நீளும். சின்னப் பிள்ளைகளைப் பகலில் தூங்க வைத்துக் கூட்டிப் போங்கள். டார்ச்சும் போன் வெளிச்சமும் அணைந்தே இருக்கட்டும்.