முழு வகுப்பையும் களமிறக்குவது எப்படி: 1900-களின் அமெரிக்கப் பள்ளி விளையாட்டும் மாணவர் படைப் பயிற்சியும்

பள்ளி விளையாட்டு விழாவில் பத்துப் பேர் ஓட, நானூறு பேர் உட்கார்ந்து கைதட்டும் வழக்கம் இன்று தோன்றியதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலும் நிலைமை அப்படித்தான் இருந்தது. அதை மாற்ற அங்கே இருவர் கண்ட வழிகள் இன்றும் ஓர் உடற்கல்வி ஆசிரியரின் கைக்கு எட்டுபவை. ஒருவர் நியூயார்க் நகரப் பள்ளிகளின் உடற்கல்வியைக் கவனித்து வந்த மருத்துவர் லூதர் குலிக். ஜெனரல் ஜார்ஜ் விங்கேட் முதலியோருடன் சேர்ந்து 1903இல் அவர் பொதுப்பள்ளிகள் தடகளக் கழகத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த முதல் போட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் பங்கேற்றனர். மற்றவர் வயோமிங் மாநிலத்தின் ஷையன் நகர உயர்நிலைப் பள்ளியில் 1910-களின் முற்பகுதியில் மாணவர் படையை நடத்திய ராணுவ லெப்டினன்ட் எட்கர் ஸ்டீவர். இவ்விருவரின் முறைகளையும் ஒரே கல்வியாண்டில் இணைத்து நடத்த விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் குலிக்கின் கழகம் நடத்திய பதக்கத் தேர்விலிருந்து தொடங்குங்கள். இதில் ஒரு மாணவன் இன்னொருவனை வெல்ல வேண்டியதில்லை. குறிக்கப்பட்ட அளவை எட்டினால் போதும், எட்டிய அனைவருக்கும் பதக்கம் உண்டு. முதல் நிலைக்கு 60 கஜ ஓட்டத்தை 8.6 விநாடியில் முடிக்க வேண்டும். கம்பியைப் பிடித்துத் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் 4 எடுக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து நீளவாக்கில் 5 அடி 9 அங்குலம், அதாவது ஏறத்தாழ 175 செ.மீ., தாண்ட வேண்டும். இரண்டாம் நிலைக்கு அதே ஓட்டம் 8 விநாடியிலும், புல்-அப் 6 ஆகவும், தாண்டல் 6 அடி 6 அங்குலமாகவும் உயர்கின்றன. அமெரிக்க விளையாட்டிட, பொழுதுபோக்குச் சங்கம் 1913இல் இவற்றுக்கு மேல் ஒரு மூன்றாம் நிலையையும் வைத்தது: 220 கஜம் 28 விநாடியில், புல்-அப் 9, ஓடிவந்து உயரம் தாண்டுதல் 4 அடி 4 அங்குலம். மேல்வகுப்பு மாணவர்களுக்கு இது பொருத்தமானது. 60 கஜம் என்பது 54.86 மீட்டர், 55 மீட்டராகக் கோடு போட்டுக்கொண்டால் பெரிய வேறுபாடு வராது.

ஒரு நிலையின் மூன்று தேர்வுகளிலும் தேறினால்தான் பதக்கம். இந்த விதியை எக்காரணத்தாலும் தளர்த்தாதீர்கள். வேகமாக ஓடத் தெரிந்தவன் கம்பியில் தொங்கக் கற்றுக்கொள்வதும், தோள் வலிமை உள்ளவன் ஓடிப் பழகுவதும் இந்த ஒரு விதியால்தான் நடக்கின்றன. நியூயார்க்கில் படிப்பிலும் முயற்சியிலும் நடத்தையிலும் குறைந்தது ‘பி’ தரம் பெற்றவர்களையே தேர்வுக்கு அனுமதித்தார்கள். நடத்தைக்கும் முயற்சிக்கும் அந்த நிபந்தனையை வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண்ணுக்காக ஒரு பிள்ளையை மைதானத்துக்கு வெளியே நிறுத்துவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடுவர் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் புல்-அப் கம்பி. ஒவ்வொரு முறையும் கைகள் முழுமையாக நீண்ட நிலையிலிருந்தே மாணவன் மேலெழ வேண்டும். மோவாய் கம்பிக்கு மேல் வர வேண்டும். காலை உதைத்தோ உடலை ஊஞ்சலாட்டியோ ஏறினால் அது கணக்கில் சேராது. பாதி இறங்கிய நிலையிலேயே திரும்ப ஏற முயல்பவர்கள் மிகப் பலர் என்பதால், முழங்கை நேராவதைப் பார்ப்பதற்கென்றே பக்கவாட்டில் ஒருவரை நிறுத்துங்கள். நீளம் தாண்டுதலில் கால்விரல்கள் கோட்டை ஒட்டியும் இரு பாதங்கள் ஒருசேரவும் இருக்க வேண்டும். தாவுவதற்கு முன் சிறு துள்ளல்கூடக் கூடாது. தரையில் பட்ட பகுதிகளுள் கோட்டுக்கு மிக அருகில் இருப்பது வரை அளக்க வேண்டும். மாணவன் பின்பக்கம் சாய்ந்து கையூன்றினால் கை பட்ட இடமே அளவு. மூன்று வாய்ப்புகள் கொடுத்துச் சிறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதக்கத் தேர்வு தனி மாணவனுக்கானது. குலிக்கின் உண்மையான சாதனை என்று நான் கருதுவது வகுப்புச் சராசரிப் போட்டியைத்தான். வகுப்பில் பதிவான மாணவர்களில் குறைந்தது 80 சதவீதத்தினர் பங்கேற்றால்தான் அந்த வகுப்பின் கணக்கு ஏற்கப்படும். 40 பேர் உள்ள வகுப்பில் 32 பேராவது கம்பியைப் பிடிக்க வேண்டும். அவர்கள் எடுத்த புல்-அப்களின் கூட்டுத்தொகை 112 என்றால் வகுப்பின் சராசரி 3.5. ஒன்றுகூட எடுக்க முடியாதவன் சுழியமாகக் கணக்கில் வருகிறான்; அவன் ஒன்று எடுக்கப் பழகினால் வகுப்பின் சராசரி உயர்கிறது. ஏற்கெனவே 12 எடுப்பவனை 13 எடுக்க வைப்பதும், ஒன்றும் எடுக்காதவனை ஒன்று எடுக்க வைப்பதும் கணக்கில் சமம், ஆனால் இரண்டாவதே எளிது. இதை மாணவர்கள் வெகுசீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள். அதன்பின் வகுப்பின் கவனம் பலவீனமான மாணவனின் பக்கம் தானாகவே திரும்புகிறது. அந்தக் கவனம் கேலியாக மாறாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் கடமை. அதனால் தனி மாணவனின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதாமல் வகுப்புச் சராசரியை மட்டுமே எழுத வேண்டும்.

ஓட்டத்தில் சராசரி எடுக்க ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். வகுப்பு முழுவதையும் தொடக்கக் கோட்டின் பின்னே வரிசையாக நிறுத்தி, முதல் மாணவன் கிளம்பும்போது கடிகாரத்தை ஓடவிடுங்கள். அவன் முடிவுக் கோட்டைத் தாண்டும் கணத்தில் அங்குள்ள நடுவர் உயர்த்திய கையை இறக்க, அடுத்தவன் கிளம்ப வேண்டும். கடைசி மாணவன் கடக்கும்போது கடிகாரத்தை நிறுத்தி, மொத்த நேரத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் வேலை முடிந்தது. சைகையைப் பார்த்துக் கிளம்பும் சுணக்கமும் நேரத்தில் சேரும் என்பதால், இந்தச் சராசரியைப் பதக்கத் தேர்வின் நேரத்தோடு ஒப்பிடக் கூடாது.

இனி மாணவர் படைப் பயிற்சி. துப்பாக்கியைத் தோளில் சாய்த்து மணிக்கணக்கில் நிற்பதும் நடப்பதும் உடலை வளர்க்காது என்று ஹார்வர்டின் உடற்கல்வி இயக்குநர் டட்லி சார்ஜென்ட் அக்காலத்திலேயே வாதிட்டார். அவர் சொன்னது சரியென்றே நான் நினைக்கிறேன். எனவே அணிவகுப்பைப் பதினைந்து நிமிடத்துக்கு மிகாமல் வைத்து, அதற்கு முன்னர் கை, இடுப்பு, கால்களுக்கான பயிற்சிகளைக் கொடுங்கள். துப்பாக்கியோ அதன் மர மாதிரியோ தேவையில்லை.

நிற்கும் முறைக்கும் நடைக்கும் அமெரிக்கத் தரைப்படையின் 1911ஆம் ஆண்டுக் காலாட்படை விதிகளைப் பின்பற்றலாம். குதிகால்கள் ஒரே கோட்டில் சேர்ந்திருக்க, பாதங்கள் ஏறத்தாழ 45 பாகைக்கு விரிந்திருக்கும். முழங்கால் நேராக, ஆனால் விறைப்பின்றி இருக்கும். கட்டைவிரல் காற்சட்டைத் தையலை ஒட்டியிருக்கும். உடலின் எடை குதிகாலிலும் முன்பாதத்திலும் சமமாக இறங்கும். முழங்காலை விறைத்துக்கொண்டு வெயிலில் நிற்பவர்கள் மயங்கி விழக்கூடும் என்பதால் அந்த ‘விறைப்பின்றி’ என்ற சொல்லை மாணவர்களுக்கு விளக்கியே ஆக வேண்டும். நடையில் ஒரு காலடிக்கு 30 அங்குலம், நிமிடத்துக்கு 120 காலடி. இரண்டையும் பெருக்கினால் சரியாக 100 கஜம் வருகிறது. ஆகவே 100 கஜத்துக்கு, அதாவது 91.4 மீட்டருக்கு, இரு சுண்ணாம்புக் கோடுகள் போட்டு அணியை நடக்கவிட்டால், ஒரு நிமிடத்தில் கடக்கிறார்களா என்பதை வைத்தே நடையின் அளவைச் சரிபார்க்கலாம். ஆனால் இது வளர்ந்த வீரர்களுக்கான அளவு. குட்டையான மாணவர்கள் இருந்தால் காலடியின் நீளத்தைக் குறைத்து, தாளத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஷையனில் ஸ்டீவர் செய்தது இதற்கு அடுத்த படி. அணிவகுப்பையே பயிற்சியின் முழு உருவமாக்காமல், படையைச் சிறு அணிகளாகப் பிரித்து அவற்றுக்கிடையே போட்டிகளை வைத்தார். அணித்தலைவர்கள், தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகள் ஆள் பிரிப்பதைப் போல, மாறி மாறி ஆட்களைத் தேர்ந்தெடுத்ததால் அணிகள் ஏறத்தாழச் சமவலிமையுடன் அமைந்தன. படிப்பும் போட்டிகளுள் ஒன்றாக இருந்தது. சுவரேறும் போட்டிதான் அவர்களுடைய அடையாளம்: எட்டுப் பேர் ஒருவரையொருவர் தூக்கிவிட்டு ஒரு மரச்சுவரைக் கடக்க வேண்டும். இதை நடத்துவதாயின் மாணவர்களின் தலைக்குச் சற்றே உயரமான பலகைச் சுவரில் தொடங்கி, இருபுறமும் தடித்த மெத்தை விரித்து, இறங்கும் பக்கத்தில் ஒரு பெரியவரை நிறுத்துங்கள். முதலில் ஏறுபவனுக்குக் கீழிருப்போரின் தோள் கிடைக்கும். கடைசியாக நிற்பவனுக்குக் கீழே யாரும் இல்லாததால், மேலிருப்போர் அவன் மணிக்கட்டைப் பற்றி இழுக்க வேண்டியிருக்கும். ஆகவே உயரமும் தாவும் திறனும் உள்ளவனையே கடைசி ஆளாக வைக்கச் சொல்லுங்கள். எட்டாவது ஆள் இறங்கும்போதுதான் கடிகாரத்தை நிறுத்த வேண்டும்.

இந்த அளவுகள் எல்லாம் சிறுவர்களுக்காக வகுக்கப்பட்டவை. 1905இல் தொடங்கிய நியூயார்க் கழகத்தின் பெண்கள் பிரிவு, அதன் செயலாளர் எலிசபெத் பர்ச்செனலின் வழிகாட்டுதலில் நாட்டுப்புற நடனங்களை முதன்மையாக்கி, பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளைத் தவிர்த்தது. நாம் அந்தத் தடையைப் பின்பற்ற வேண்டியதில்லை. மாணவிகளுக்கு முதல் மாதம் ஓர் அளவெடுப்பு நடத்தி, வகுப்பில் பாதிப் பேர் எட்டும் அளவை முதல் நிலையாக வைத்துக்கொள்ளலாம்.

பருவங்களைப் பிரிக்கும்போது ஜூலையில் தாண்டலும், மழைக்காலத்தில் கூரைக்குக் கீழே கம்பியும், ஜனவரிக்குப் பிறகு ஓட்டமும் வருமாறு அமையுங்கள். மூச்சிரைப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களைப் பெற்றோரிடம் கேட்டறிந்து 80 சதவீதக் கணக்கின் மொத்தத்திலிருந்தே முன்கூட்டி நீக்கிவிட வேண்டும். இல்லையேல் வகுப்பின் நெருக்குதலுக்காக அவர்களும் ஓட வந்துவிடுவார்கள்.