அல்வாவின் சுவைக்குத் தண்ணீர்தான் காரணமா? சோதிக்கும் முறை

தாமிரபரணித் தண்ணீரால்தான் திருநெல்வேலி அல்வாவுக்கு அந்தச் சுவை என்ற கூற்றைச் சோதிக்க விரும்புபவர், எந்த முடிவு வந்தால் அதைக் கைவிடுவார் என்பதை முதலில் எழுதி வைக்க வேண்டும். பொய்யென்று காட்ட வழியே இல்லாத கூற்று அறிவியலுக்கு உரியதன்று என 1934இல் தத்துவஞானி கார்ல் பாப்பர் வாதிட்டார்.

பிறகு ஒரே மூட்டைச் சம்பா கோதுமையை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஆற்றுத் தண்ணீரிலும் மறு பங்கைக் கிணற்றுத் தண்ணீரிலும் ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, ஒரே சர்க்கரை, ஒரே நெய், ஒரே கைப்பக்குவத்தில் கிண்ட வேண்டும். நெருப்புள்ள இடமெல்லாம் புகை வருவதில்லை, ஈர விறகும் சேர வேண்டும் என்று பழைய இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனத்தார் எச்சரித்தது போல, இங்கும் தண்ணீர் தட்டிச் செல்லும் பெயர் மாஸ்டரின் கைக்கு உரியதாக இருக்கலாம்.

சுவைப்பவர் முன் ஒரு தண்ணீரில் செய்தது இரண்டும் மற்றதில் செய்தது ஒன்றுமாக மூன்று துண்டுகளை வைத்து, அவற்றில் வேறான ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். பரிமாறுபவருக்கும் விடை தெரியக் கூடாது. குருட்டாம்போக்கில் எடுத்தாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாகும் என்பதால், அதைத் தெளிவாகத் தாண்டிய எண்ணிக்கைக்கே மதிப்புண்டு.

வேறுபாடு தெரியாவிட்டால், வேறுபாடே இல்லை என்று நிரூபணமாகிவிடாது. இந்தச் சோதனைக்கு அது அகப்படவில்லை, அவ்வளவே. தெரிந்தாலும், ஐப்பசி வெள்ளத்தில் கலங்கிய தண்ணீருக்கும் அது பொருந்தும் என்பது அனுமானமே. கண்டவற்றிலிருந்து காணாததற்குத் தாவ அறுதியான ஆதாரமில்லை என்பது தத்துவஞானி டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுப்பிய சிக்கல்.

நிரூபிக்க முடியாதவை உண்டு என்று இந்த இடத்தில் தர்க்கவியலாளர் கர்ட் கோடலை இழுப்பவர்களும் உண்டு. அவர் 1931இல் நிறுவியது எண்கணிதத்தை உள்ளடக்கிய கணித முறைமைகளைப் பற்றியது; அல்வாக் கடைக்கு அது தேவையில்லை.