மலை இறங்கும் பைக்குக்கு முன் டிஸ்க் பிரேக் லிவர் மாற்றும்போது

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் முழுக்க விரல் பிரேக் லிவரில்தான் இருக்கும். அதனால் விலையை மட்டும் பார்த்து லிவர் வாங்காதீர்கள். மாடல், வருடம் இரண்டையும் சொல்லி வாங்கி, பழைய லிவரோடு ஒட்டிவைத்துப் பாருங்கள்.

முக்கியமாக, லிவரில் பிஸ்டனை (பிரேக் ஆயிலை அழுத்தும் தண்டு) தள்ளும் முனை. அது கொஞ்சம் நீண்டிருந்தாலும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. பிரேக் ஆயில் திரும்பும் துளை அடைபடும், டிஸ்க்கைப் பிடிக்கும் பேடு உரசிச் சூடேறும், பாதி இறக்கத்தில் முன் சக்கரம் இறுகிப்போகும். முனையை அரம்போட்டுத் தேய்க்காதீர்கள், லிவரை மாற்றி வாங்குங்கள்.

லிவரை மாட்டும் போல்ட்டில் சிலிகான் கிரீஸ் மெல்லிசாகப் போதும். லிவரை விட்டதும் பிரேக் லைட் அணைய வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி, பத்து முறை பிரேக் பிடித்துவிட்டுக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றவில்லையா, பழைய லிவரையே மாட்டுங்கள்.